பழுது என்ற கட்டத்தில்

காசிமேட்டில் கரண்ட் போய் நாற்பது நிமிடம்.
ஜெனரேட்டரின் திரையில் ஒரே வரி,
அழித்தால் மறுபடி வந்து நிற்கிறது:
அவசர நிறுத்தம்.

யார் நிறுத்தியது என்று கேட்டால்
யாரும் இல்லை.
பேனலில் இருக்கும் சிவப்புக் குமிழை
வலப்பக்கம் திருகிப் பார்த்தாயிற்று.
கூண்டின் வெளிப்பக்கம் இருப்பதையும்.
இரண்டும் எழும்பித்தான் நிற்கின்றன.

குளிர்கிடங்குக்குள் பதினோரு டன்.
வஞ்சிரம், சங்கரா, ஏற்றுமதிக்கு எண்ணி வைத்த இறால்.
மேனேஜர் தேவசகாயம் கதவருகே நின்று
டிகிரியை ஏலம் விடுகிறார்.
மைனஸ் பதினாறு.
மைனஸ் பதினைந்தரை.
"ஒரு துண்டு ஒயர வெச்சு ஷார்ட் பண்ணி உடுய்யா,
யாருக்குத் தெரியப்போவுது?"

அப்படிச் செய்த ஒருவனை எனக்குத் தெரியும்.
கெட்டிக்காரன்.
எண்ணூரில், விசிறி பெல்ட்டில்
அவன் கை சிக்கியபோது
நாலு பேர் ஓடிவந்து குமிழை அடித்தார்கள்.
குமிழ் உள்ளே போனது.
இஞ்சினுக்குச் சேதி போகவில்லை.

இந்தச் சுற்று அப்படித்தான்.
இருபத்துநாலு வோல்ட் ஒரு முனையில் புறப்பட்டு
ஒவ்வொரு குமிழின் வயிற்றுக்குள்ளும் புகுந்து
நலம், நலமறிய ஆவல் என்று
திரும்பி வந்துகொண்டே இருக்க வேண்டும்.
வராவிட்டால்
எலி கடித்திருக்கலாம்,
உப்புக்காற்று செம்பைத் தின்றிருக்கலாம்,
யாரோ எங்கோ கத்தியிருக்கலாம்.
எது என்று இயந்திரத்துக்குத் தெரியாது.
தெரியாததால் நின்றுவிடுகிறது.

மீட்டரை வைத்தேன்.
முதல் குமிழ்: பீப்.
இரண்டாவது: பீப்.
முழுச் சுற்றுக்கும் சேர்த்து வைத்தால்
மூச்சே இல்லை.
சாம்பல் நிற ஒயர் இரண்டு
தரைக்குள் இறங்கிப் போகின்றன, எங்கே?
தேவசகாயத்துக்குத் தெரியவில்லை.
காவலுக்கு நிற்கும் சுக்தேவ் வந்து ஆறு மாதம்தான்.
கதவின் உள்பக்கம் ஒட்டிய வரைபடத்தில்
டீசல் கறைக்கு அடியில்
மூன்றாவது வட்டம்: பின் கேட்.

"அத மூடி நாலு வருசம் ஆச்சே."

கேட்டை மூடிச் சுவர் எழுப்பியவர்கள்
குமிழை அந்தப் பக்கமே விட்டுவிட்டார்கள்.

டார்ச்சோடு சந்து சுற்றிப் போனேன்.
உடைந்த ஐஸ் பெட்டிகள், வலைக் குவியல்,
பிறகு சுவரோடு சாய்த்துக் கட்டிய ஒரு தார்ப்பாய்.
அதற்கு நேர் மேலே
எங்கள் புகைக்குழாயின் வாய்.
மஞ்சள் பெட்டியில் காய்கறிப் பை தொங்கியது.
பையை நகர்த்தினால்
குமிழ் அமுங்கியிருந்தது.

பூங்காவனம் மறைக்கவில்லை.
"நான்தான் அமுக்குனேன்.
வாராவாரம் டெஸ்டுன்னு ஓட்டுறாங்கோ.
பொக அத்தினியும் உள்ள வருது.
கொயந்தைக்கு இளுப்பு.
செவப்பா இருந்துச்சு.
செவப்புன்னா நிக்கணும்தானே?"

நேற்று டெஸ்ட் பாதியில் நின்றதாம்.
டீசல் தீர்ந்தது என்று நினைத்துப்
படுக்கப் போயிருக்கிறான் சுக்தேவ்.

எத்தனை ஆலைகளில் வகுப்பெடுத்திருக்கிறேன்.
ஆபத்து என்றால் யோசிக்காதே, அடி என்று.
கையெழுத்துப் போட்டு, சமோசா தின்று, போனவர்கள்.
சொன்னபடி செய்தவளை
இன்றுதான் பார்க்கிறேன்.

சுவருக்கு அப்பால் மைனஸ் பதினாலு.
இங்கே, ஒரு சின்ன மார்புக்குள்
விசில்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு
ரோட்டுப் பக்கம் போய் இரு என்றேன்.
பழைய இரும்புக் குவியலில் ஒரு பைப்,
ஒரு வளைவு, துருப்பிடித்த கிளாம்ப் இரண்டு.
சுக்தேவ் ஏணியைப் பிடிக்க
புகையின் வாயைக் கடல் பக்கம் திருப்பினேன்.
தேவசகாயம் என் அம்மாவைப் பற்றி
ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.
பிறகு வந்து குமிழைத் திருகினேன்.
டக்.

இஞ்சின் பிடித்தது.
பன்னிரண்டு நிமிடம் ஓடியது.
கரண்ட் வந்துவிட்டது.

பழுது என்ற கட்டத்தில்
இல்லை என்று எழுதினேன்.
மூன்று குமிழும் சரியாக வேலை செய்கின்றன.

"அந்தக் குமிழக் கழட்டி உள்ள கொண்டாந்து வை"
என்று சொல்லிக் கையெழுத்திட்டார்.
அடுத்த வருகையில் என்று எழுதிக்கொண்டேன்.
அடுத்த வருகைக்கான தேதியை
நிரப்பவில்லை.